நான் படித்தேன், இவர் சுற்றினார்

உதவித்தொகை கிடைத்தது எனக்குத்தான். வெளிநாட்டில் ஒரு வருஷம், குடிதண்ணீர்ப் பரிசோதனையில் மேற்படிப்பு. இவர், அதாவது எனக்கு வாய்த்த புண்ணியவான், காப்பீட்டு அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே கிளம்பி வந்தார். அவருக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. ஊர் பார்க்க மட்டும் இருந்தது.

காலையில் நான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவேன். இவர் பாத்திரம் கழுவி, துணி மடித்து வைத்துவிட்டு, முதுகுப்பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு பஸ் ஏறுவார். சனி, ஞாயிறு நானும் சேர்ந்து போவதாகத்தான் திட்டம். ஆனால் நான் வளர்த்த கிருமிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்றே தெரியவில்லை. கண்ணாடித் தட்டில் அவை பாட்டுக்குப் பெருகின. நான் குனிந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வந்து தட்டில் சோறு போட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். அருங்காட்சியகம், பாலம், படகுத்துறை, மணிக்கூண்டு. எல்லாவற்றையும் தானே கொத்தனாரை வைத்துக் கட்டிய மாதிரி ஒரு வர்ணனை. எனக்கு வயிறு எரியும். போதாததற்கு மாமியார் வேறு போனில், "படிக்கப் போனது நீ. வெயில்ல சுத்திக் கறுத்துப்போனது எம்புள்ளையா?" என்று கேட்டார்.

ஒருவழியாக ஆய்வறிக்கையைக் கொடுத்து முடித்தேன். மறுநாள் முழுக்கச் சும்மா. அதற்கு மறுநாள் விமானம். அந்த ஒரு நாளில் ஒரே ஓர் இடத்தையாவது என் கண்ணால், யாரும் சொல்லாமல், நானே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அதற்கு இவர் விட்டால்தானே! அருங்காட்சியகத்தில் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப திரும்பினதும் ஒரு திமிங்கிலத்தோட எலும்புக்கூடு இருக்கும். பயந்துடாத."

திரும்பினேன். இருந்தது. எனக்குப் பயமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பாலத்தில் ஏறுவதற்குள் அதில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று சொல்லிவிட்டார். படகுத்துறையில் காவலாளி இவரைப் பார்த்துக் கையாட்டினார். இவரும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி பதிலுக்குக் கையாட்டினார்.

"ஏங்க, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு வரீங்களா?"

"நீ எதையும் தவறவிட்டுடக் கூடாதேன்னுதான்..."

"தவறவிட்டா பரவாயில்ல. நானே தவறவிடுறேன்."

இவர் முகம் சுண்டிப்போனது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் மணிக்கூண்டுக்குப் போகும் வழியில் மறுபடி வாய் திறந்துவிட்டது. மேலே சுற்றிலும் கண்ணாடி போட்ட அறையாம், உட்கார மெத்தை வைத்த நாற்காலிகளாம்.

வாசலில் டிக்கெட் கொடுக்கும் பெண்மணி இவரைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இன்னைக்காவது மேல போறீங்களா? எப்பவும் கீழ பெஞ்சுலயே உக்காந்து படம் போட்ட அட்டையப் பாத்துட்டுப் போயிடுவீங்களே?"

இவர் காது சிவந்துவிட்டது. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாகக் குனிந்தார். அது கயிறே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ ஷூ.

"அப்ப அந்தக் கண்ணாடி அறை?"

"இருக்கலாம்னு ஒரு ஊகம்தான்."

"வருஷம் பூரா அளந்தீங்களே!"

"உயரம்னா எனக்கு ஆகாது. தலை சுத்தும். மத்த எடமெல்லாம் நெஜமாவே பாத்தேன், சத்தியமா."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இவர் கண் படாத இடம் ஒன்று ஊரில் மிச்சம் இருக்கிறது! "நீங்க பெஞ்சுலயே இருங்க, நான் போயிட்டு வரேன்" என்று ஒரே ஒரு டிக்கெட் கேட்டேன்.

"ரெண்டு குடுங்க" என்றார் இவர்.

"எதுக்கு வீம்பு?"

"எல்லாத்தையும் தனியாத்தான் பாத்தேன். நல்லா இருக்குன்னு சொல்லத் திரும்பினா பக்கத்துல யாரும் இல்ல. அதான் ராத்திரி உங்கிட்ட கொட்டுவேன். இது ஒண்ணாவது உங்கூட."

வருஷம் முழுக்க இவர் ஜாலியாகச் சுற்றுகிறார் என்று பொருமிக்கொண்டிருந்தேனே தவிர, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுற்றுகிறார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஏறினோம். வளைந்து வளைந்து போகும் குறுகலான படி. இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். உச்சியில் கண்ணாடியும் இல்லை, மெத்தையும் இல்லை. இடுப்பளவுக்கு ஒரு கம்பி, அதற்கு அப்பால் வெறும் காற்று. இவர் "ஐயோ" என்று ஒரே சொல்லோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

வார் விட்ட தூரம் வரைக்கும் நான் கம்பிப் பக்கம் நகர்ந்தேன். ஆறு, கூரைகள், கொடியில் காயும் துணிகள். பொடிப்பொடியாகப் பஸ்கள். அப்புறம் என் ஆய்வுக்கூடம் தெரிந்தது. நான் வருஷம் முழுக்கத் தலை நிமிராமல் கிடந்த அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில், யாரோ தொட்டி தொட்டியாக மஞ்சள் பூச்செடி வளர்த்திருந்தார்கள். என் தலைக்கு நேர் மேலே! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன தெரியுது?" கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அழுறியா? என்னன்னு சொல்லேன்."

"பொறுங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."