ஜன்னலோரத்துக்கு இரண்டு மதிப்பெண்

சர்வேயர் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஸ்பீக்கர்கள் இரண்டையும் மேசைமேல் வைத்தபோது, அவர் மனைவிக்கு அவற்றைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. மரத் தோல் போர்த்தி, மூலை மழுங்கி, புத்தக அலமாரியில் அடக்கமாக உட்காரும் அளவு. தையல்காரியாகிய அவளுக்கு ஒரு பொருளின் ஓரம் சுத்தமாக முடிந்திருந்தால் பாதி மனசு அங்கேயே போய்விடும். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிசிறே இல்லை.

சர்வேயர் மட்டும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். செய்முறை அச்சடித்த ஒரு காகிதம் விழுந்தது. அதற்குப் பிறகு தூசிதான் விழுந்தது.

"என்னங்க தேடறீங்க?"

"ப்ளக்கு. இதுக்கு ப்ளக்கைக் காணோமே."

ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பாக ஒரு திருகும் கறுப்பாக ஒரு திருகும் மட்டும் இருந்தன. மின்சாரம் நுழைய வாசலே இல்லை. ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று தனியாக வேண்டும் என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, மூன்று தடவையும் புன்னகைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டங்களுக்கு மைக்செட் கட்டுவது அவர் தொழில். ஆளுயரப் பெட்டிகளோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர். மேசைமேல் இருந்த இரண்டையும் பார்த்ததும் அவர் வாயெல்லாம் பல்.

"மாப்பிள்ளை, இதோட அப்பா அம்மா எங்க? குட்டியை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"மச்சான், இது நல்லா கேக்கறதுக்கு. ஊரைக் கூட்டறதுக்கு இல்ல."

"ஊரே கூடலைன்னா அப்புறம் என்ன சவுண்டு? போங்க."

அண்ணனுக்கு அன்று ஒரு பள்ளிக்கூட விழாவில் வேலை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று ஆம்ப்ளிஃபயரை இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதன்பிறகுதான் சர்வேயர் அளவுநாடாவை இழுத்தார். அந்த வீட்டில் எதையும் அளக்காமல் நகர்த்தியது கிடையாது. கல்யாணமான புதிதில் அரிசிப் பானை வைக்கும் இடத்துக்குக்கூட வரைபடம் போட்டவர். கூடத்தின் நீளச் சுவரில், கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இடுப்பளவு உயரத்தில் இரண்டு புத்தக அலமாரிகள் இருந்தன. ஆளுக்கு ஒரு ஸ்பீக்கரை அவற்றின் தலையில் ஏற்றினார். காகிதத்தில் போட்டிருந்தபடி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் கேட்பவர் உட்கார வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அவர் நாடாவை இரண்டு பக்கமிருந்தும் இழுத்து, அவளுடைய சாக்கட்டியாலேயே தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

குறி விழுந்த இடம் அவளுடைய தையல் மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில்.

"மெஷினை நாளைக்குக் காலைல பின் அறைக்கு மாத்திடலாம்மா. சாயங்காலம் நாலு மணிக்கு எங்க ஆபீஸ் பெரிய சார் பாட்டு கேக்க வர்றாரு."

அவள் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. அந்த வீட்டில் வெயில் உள்ளே வரும் ஜன்னல் அது ஒன்றுதான். அவள் தைப்பதோ வக்கீல்களுக்கான கறுப்பு அங்கிகள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். ஜன்னல் வெளிச்சத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தைக்க வேண்டும். பின் அறையில் ஒரு பல்பு உண்டு. அதன் அடியில் உட்கார்ந்தால் துணியில் விழுவது அவளுடைய தலையின் நிழல்தான்.

"அங்க எனக்குத் தையலே தெரியாதுங்க."

"இன்னொரு லைட்டு போட்டுக்கலாம்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

"இந்த வருஷம் போட்டுடலாம்" என்றார் சர்வேயர், முக்கோணத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் தலைக்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒயர் மாட்டும் வேலை அவளுக்கு வந்தது. தோலை உரித்துப் பிரியை முறுக்குவதற்கு அவள் விரல்தான் லாயக்கு என்று அவரே சொன்னார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளை அவர் மாட்டிக்கொண்டு, மின்சாரம் பற்றிய பக்கத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் ஸ்விட்சு போடணும், முதலில் சத்தத்தைக் குறைத்து வைக்கணும் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலையாட்டல். அவள் அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டு ஸ்பீக்கர் பக்கத்து முனைகளை மாட்டினாள். ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு கம்பி. அதில் ஒன்றின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. இடது ஸ்பீக்கரில் கோடு போட்ட கம்பியை வெளிப்புறத் திருகில் மாட்டினாள். வலது ஸ்பீக்கரிலும் அதையே வெளிப்புறத் திருகில் மாட்டினாள். எத்தனையோ வருஷமாகச் சட்டைக்குக் கை வைப்பவள். இடது கையும் வலது கையும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடுத்தினவன் கையைத் தூக்க முடியாது. திருகின் நிறத்தை அவள் பார்க்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் நிறம் மாதிரி அது ஒரு அழகுக்கு என்று விட்டுவிட்டாள்.

ஸ்விட்சு போட்டார்கள். பாட்டு வந்தது. சர்வேயர் மெஷினைக் கொஞ்சம் தள்ளி, பெருக்கல் குறியின்மேல் ஸ்டூலைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்.

ஒரு நிமிஷம் கழித்து ஒரு கண் திறந்தது.

"பாடறவர் எங்க நின்னு பாடறாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இல்லம்மா. நடுவுல நிக்கணும். இவரு சுவத்துக்குள்ள எங்கயோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காரு. மத்தளத்தைக் காணவே காணோம்."

உண்மைதான். பாட்டில் சதையெல்லாம் கழன்று எலும்பு மட்டும் கேட்டது. அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். மத்தளம் லேசாக எட்டிப் பார்த்தது. நிமிர்ந்தார். ஓடிப்போயிற்று.

வேறு யாராவது இருந்தால் ஸ்பீக்கரைத் திட்டியிருப்பார்கள், இல்லை ஒயரைப் பார்த்திருப்பார்கள். சர்வேயரோ இடத்தின்மேல் சந்தேகப்பட்டார். அவருக்குத் தெரிந்த தகராறு எல்லாம் இடத்தகராறுதானே. கூடம் முழுக்கச் சாக்கட்டியால் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டூலைப் போட்டு, அதே பாட்டைக் கேட்டு, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அளவைப் புத்தகத்தில் குறித்தார். மத்தியானச் சாப்பாடு பதினொன்றாம் கட்டத்தில் நடந்தது. வெயில் தாழ்வதற்குள் முடிவு வந்துவிட்டது. ஜன்னலோரத்துக்கு இரண்டு மதிப்பெண். கூடத்திலேயே மோசமான இடம். இடது அலமாரியை ஒட்டி, செருப்பு வைக்கும் மூலைக்கு ஏழு.

"அப்ப மெஷின் இருந்த இடத்துலயே இருக்கட்டுமா?" என்று அவள் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"அந்த இடம் எதுக்கும் உதவாதும்மா. மெஷினே இருந்துட்டுப் போகட்டும்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க நூல் சுற்றிய பாபினை உருட்டிவிட்டுத் தேடவேண்டியிருந்தது.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். சர்வேயர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாட்டைப் போட்டு, அரை நிமிஷம் காதைக் கொடுத்து, நேரே அலமாரிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"யாரு மாட்டினது இது?"

"நான்தான் அண்ணே. ஏன்?"

"ஒண்ணை நேராவும் ஒண்ணைத் தலைகீழாவும் மாட்டி வெச்சிருக்கே. அந்தப் பெட்டி காத்தை முன்னால தள்ளும்போது இந்தப் பெட்டி பின்னால இழுக்குது. ரெண்டும் நடுவுல வந்து ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுச் சாகுது. நடுவுல உக்காந்தவனுக்கு மத்தளம் எப்படிக் கேக்கும்? கோடு போட்ட கம்பி ரெண்டுலயும் சிவப்புக்குத்தான் போகணும். நகரு, ஒரு நிமிஷ வேலை."

அவள் நகரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே குறுக்கே நின்றாள்.

"சரியா மாட்டிட்டா நடுவுல நல்லா கேக்குமா?"

"பிச்சு உதறும்."

"நடுவுன்னா... ஜன்னல்கிட்டயா?"

"அங்கதான்."

"அப்ப நீ தொடவே கூடாது."

அண்ணன் பெருக்கல் குறியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதிருந்து அந்த முகத்தைத் தெரியும் அவருக்கு.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "அந்த மனுஷன் கூடம் பூராக் கட்டம் போட்டிருக்காரேடி."

"நானா போடச் சொன்னேன்?"

"எனக்கு ஒரு டீ போட்டுக் குடு. நான் எதையும் பாக்கல."

எல்லாம் அதோடு சுகமாக முடிந்திருக்கும். ஆனால் குளித்துவிட்டு வந்த சர்வேயர் செருப்பு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு, முதுகுக்குப் பின்னால் குடை. பெரிய சாரை இங்கேயா உட்கார வைப்பது? அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எழுந்து போய் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார்.

"திருப்பிக் குடுத்துடறேன். சாருக்கும் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன். எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, பெட்டி ஒட்டும் டேப் வாங்கக் கடைக்குப் போனார்.

அவளுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இரண்டு வருஷமாக அந்த ஸ்பீக்கரின் படத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்த மனுஷன். துவைக்கும்போது எத்தனை தடவை அதை எடுத்துத் தனியே வைத்திருக்கிறாள். ஜன்னலை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தைக்கவும் முடியாது.

கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். துணியை வெட்டுமுன் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அண்ணே, டீ குடிச்சது போதும். அலமாரியைத் தூக்கு."

"எங்க?"

"அந்தக் குட்டைச் சுவத்துக்கு. மூலைக்கு ஒண்ணு."

இஞ்ச் டேப்பை எடுத்து அவளே இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். குட்டைச் சுவரிலிருந்து முக்கோணம் போட்டால், கூர் போய் நிற்பது சாப்பாட்டு மேசையின் தலைமாட்டு நாற்காலியில். சர்வேயர் தினமும் உட்காரும் நாற்காலி. ஜன்னல் எங்கேயோ பக்கவாட்டில் கிடந்தது.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "என்னடி புத்தகம் இதெல்லாம்? கல்லா?"

"நிலச் சட்டம் அண்ணே. மெதுவா வை, தரை கீறிடப்போகுது."

அலமாரிகள் புது இடத்தில் நின்றதும் அவள் பின்னால் போய் வலது ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றி, கோடு போட்டதைச் சிவப்புக்கு மாற்றித் திருகினாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

சர்வேயர் டேப்போடு வாசலில் நின்றார். "என்ன இது?"

"நீங்க நேத்து இந்தச் சுவத்தை மட்டும் பாக்கவே இல்லீங்களே" என்றாள் அவள். "ஒரு சுவரை விட்டுட்டா அது அளவை ஆகுமா?"

சர்வேயரைச் சுரீரென்று குத்தியது அது. நாடாவை எடுத்து அளந்தார். நாற்காலியை அரை அங்குலம் நகர்த்தினார். உட்கார்ந்தார். அண்ணன் ஸ்விட்சைப் போட்டார்.

பாடகர் சுவரை விட்டு இறங்கி வந்து சரியாக நடுவில் நின்றார். மத்தளம் மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பையே அதிர வைத்தது. சர்வேயர் எழுந்து அலமாரிக்குப் பின்னால் போனார். அவள் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே பார்த்தாள். அவர் ஒயரைப் பார்க்கவில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"சுவர்தாம்மா. எல்லாம் சுவர். அந்த நீளச் சுவர் உள்ளே பொத்தல்போல. சத்தத்தை முழுங்குது."

"அப்படியாங்க?" என்றாள் அவள், கண்ணை அகல விரித்து.

அண்ணன் இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார்.

நாலு மணிக்குப் பெரிய சார் வந்தார். மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று பாட்டு கேட்டார். தலையாட்டினார், தொடையில் தாளம் போட்டார். அவள் ஜன்னலோரத்தில் அங்கிக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும்போது பெரிய சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்யா, இவ்வளவு நீளச் சுவர் சும்மா கிடக்கு. அங்க பெட்டியை வெச்சு, இங்க ஜன்னல் பக்கம் காத்தாட உக்காந்து கேக்கலாமே? அந்த மெஷினைக் கொஞ்சம் உள்ள தள்ளிட்டா போச்சு."

ஊசி துணிக்குள்ளேயே நின்றது. கதவருகே நின்ற அண்ணன் உத்தரத்தைப் பார்த்தார். சர்வேயர் அந்த நீளச் சுவரை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். போய் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போமா என்று ஒரு ஆசை அவர் முகத்தில் எழும்பியது அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் புத்தகத்தைச் சாருக்குக் காட்டுங்களேன்" என்றாள் அவள், துணியைவிட்டுத் தலையைத் தூக்காமல். "நேத்து பூரா உக்காந்து எழுதினீங்களே."

ஆசை அடங்கிவிட்டது. பெருமை எழுந்துகொண்டது. சர்வேயர் அளவைப் புத்தகத்தை விரித்து வைத்தார். கட்டம், எண், மதிப்பெண், தேதி, நேரம், கடைசியில் கையெழுத்து.

பெரிய சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "ஜன்னலோரம், இரண்டு. அட, இரண்டுதானா?"

"ரெண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தது சார்."

"எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன? முடிஞ்சுது" என்று பெரிய சார் புத்தகத்தை மூடினார். அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். கையெழுத்து விழுந்த எதையும் அவர் திரும்பத் திறந்தது கிடையாது.

அண்ணனிடமிருந்து குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அப்படி ஒரு சத்தம் கிளம்பியது. அவள் சட்டென்று மிதிகட்டையில் காலை அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடி அந்தச் சிரிப்பை முழுசாக விழுங்கிவிட்டது.

"மெதுவாம்மா" என்றார் சர்வேயர். "பாட்டு கேக்கல."

"சரிங்க" என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். அவ்வளவாவது விட்டுக்கொடுப்பதுதான் நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது.