மூன்றாம் வீட்டுக்காரி

சான் அபோலோனியோ ஊரில் 'இங்கே இடமில்லை' என்று பாடுவதற்கு எர்லிந்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, சூசையப்பரும் நிறைமாத மரியாளும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். ஊரே பின்னால் வரும். மூன்று வீட்டு ஜன்னல்களிலிருந்து அவர்களைப் பாட்டிலேயே விரட்டுவார்கள். கடைசியில் கோயில் கதவு திறக்கும். பதினொரு வருஷமாக மூன்றாவது வீடு எர்லிந்தாவுடையது. முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் ஏதோ கடையில் சரக்கு தீர்ந்துபோன மாதிரிச் சொல்லி ஜன்னலைச் சாத்துவார்கள். எர்லிந்தா பாடினால் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வருஷம் சூசை வேஷக்காரன் டென்சியோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்டோ ஓட்டும்போது ஆளைக் கூப்பிடக்கூட அவனுக்குக் குரல் இல்லை. கோயில் கமிட்டியை ஆட்டிவைக்கும் பூரிங் ஊரெல்லாம் தேடி, இசகானியைப் பிடித்து வந்தாள். அவன் கப்பலில் சமையல்காரன். இருபது வருஷம் கழித்து இப்போதுதான் விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல குரல். அவனும் எர்லிந்தாவும் ஒரு காலத்தில் எப்படி இருந்தார்கள் என்பது பூரிங்குக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே செய்தாள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இசகானி, அம்மா அப்பாவோடு பலகாரம் தூக்கிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். எர்லிந்தாவின் அப்பா முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றார். எர்லிந்தா திரைக்குப் பின்னால் நின்றாள். வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. மறுவாரமே அவன் கப்பல் ஏறிவிட்டான். அதன் பிறகு அவனும் கட்டிக்கொள்ளவில்லை, அவளும் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா மேல் இருந்த கோபம் அவர் படுக்கையில் விழுந்ததும் கரைந்துபோனது. இவன் மேல் இருந்ததுதான் ஆறவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை நடக்கும். கோயில் வாசலில் எர்லிந்தாவின் பிபிங்காக் கடை. அரிசி மாவை வாழையிலையில் ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவாள். முதல் நாள் இசகானி வந்து கேட்டபோது, கருகிப்போனதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு," என்று முழுசாகத் தின்றான்.

"கப்பல்ல இப்படித்தான் சமைக்கிறியா? பாவம், அந்த மாலுமிங்க."

மறுநாளும் வந்தான். நான்காம் நாள் விசிறியைப் பிடுங்கித் தணலை விசிற உட்கார்ந்துவிட்டான். ஆறாம் நாள் அவன் சொன்ன ஏதோ ஒரு கதைக்கு எர்லிந்தா வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தாள். தன் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே வெட்கமாகப் போனது. எட்டாம் நாள் அவன் கேட்டான்:

"லிந்தா, இருபத்தாறாம் தேதி மணிலாவுல கையெழுத்துப் போடணும். போட்டா இன்னும் ரெண்டு வருஷம் கடல்தான். நீ வேணும்னா, நான் இங்கயே இருந்துடுறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வரிசையில் பதினைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் வீடு மணத்தது. பன்றித்தொடையை அன்னாசிச் சாற்றில் வேகவைத்தாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று வாங்கிய சிவப்புப் பாலாடைக்கட்டி உருண்டையை நடுவில் வைத்தாள். மேசையில் இரண்டே தட்டு. ஊர்வலம் முடிந்து கோயிலில் அவனைப் பிடித்து, வீட்டுக்கு அழைத்து வந்து, நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்வதாகத் திட்டம்.

ஐந்தரை மணிக்கு ஊர்வலம் அவள் வாசலுக்கு வந்தது. தவிட்டு நிற அங்கியும் கைத்தடியுமாக இசகானி ஜன்னலுக்குக் கீழே நின்று பாடினான். என் மனைவிக்கு நோவு கண்டிருக்கிறது, ஒரு மூலை போதும் என்றான். எர்லிந்தாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. அந்தச் சந்தோஷமெல்லாம் குரலில் ஏறியது. உனக்கு இங்கே இடமில்லை, வந்த வழியே போ என்று பதினொரு வருஷத்தில் பாடாத பாட்டாகப் பாடி, ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். ஊர் கை தட்டியது. சாத்தும்போது அவன் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பவுடர் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனபோது குடில் பக்கத்தில் மரியாள் உட்கார்ந்திருந்தாள். அருகில், அவசரமாக மாட்டிய சூசை அங்கி முழங்காலுக்கு மேல் ஏறிய நிலையில், டென்சியோ.

"நீ எங்கடா இங்க?"

"மூணாவது வீட்டோட பாட்டு முடிஞ்சிடுச்சுல்ல, இனிமே குரல் வேணாம்னாரு இசகானி அண்ணன்," என்று டென்சியோ காற்றாகப் பேசினான். "அங்கியக் கழட்டி என் கையில குடுத்துட்டாரு. 'பதில் கெடைச்சிடுச்சு'ன்னாரு, அக்கா. ஏழு மணி பஸ்ஸுக்குப் போறாரு."

எர்லிந்தா கோயில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீ பாடுன பாட்டுக்கு நெச சூசையப்பரே நாசரேத்துக்குத் திரும்பிப் போயிருப்பாரு," என்றாள் பூரிங்.

எர்லிந்தா டென்சியோவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வண்டிய எடு."

"அடியே, சூசைய எங்கடி கூட்டிட்டுப் போற?" என்று பூரிங் பின்னால் கத்தியதை இருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சந்தைக்கு எதிரே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இசகானி பையோடு படியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"எறங்கு," என்றாள் எர்லிந்தா.

"பரவால்ல லிந்தா. நீ சொன்னது புரிஞ்சுது."

"என்ன சொன்னேன்?"

"இடமில்லன்னு. என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்ன."

"அது பாட்டுடா. பதினோரு வருஷமா இந்த டென்சியோ மூஞ்சியப் பாத்தும் அதத்தான் சொல்றேன். இவன் என்ன, பஸ் ஏறியா போனான்?"

அங்கியோடு நின்ற டென்சியோ இல்லையென்று தலையாட்டினான். பஸ் ஜன்னலெல்லாம் தலைகள்.

"சாயங்காலம் சொல்றேன்னு சொன்னியே," என்றான் இசகானி.

"சாப்பாடு போட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். சூசையப்பர் மூணு வீட்டுல தட்டுனாரு. நீ ஒருத்தர் இல்லன்னதும் கப்பல் ஏறுன. இப்ப பஸ் ஏறுற. அன்னைக்கு அப்பாதானே முடியாதுன்னாரு? நான் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நானும் வாயத் தொறக்கல. அது என் தப்பு. ஆனா நீ ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தா தொறந்திருப்பேன்."

"கேக்கல," என்றான் அவன். "நீயும் மாட்டேன்னு சொல்லிட்டா என்ன செய்யறதுன்னு பயந்துட்டேன். இன்னைக்கும் அதே பயந்தான்."

"ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்றான் கண்டக்டர்.

இசகானி இறங்கினான். பையைக் கீழே வைத்தான். "நான் இருக்கட்டுமா, லிந்தா?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் இருபது வருஷம் சும்மாவா போகும்? "இன்னொரு வாட்டி கேளு," என்றாள்.

"இருக்கட்டுமா?"

மூன்று முறை கேட்கவைக்க வேண்டும் என்றுதான் வண்டியில் வரும்போது சபதம் போட்டிருந்தாள். அவன் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"இரு," என்று அவன் பையைத் தூக்கிக்கொண்டாள். "எங்கயும் போகாத."

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவன் பையின் கைப்பிடியை அவள் விடவில்லை.