மேசையில் ஆறு பேர்

ஒரு வருஷ உழைப்பை நாலு வரி மின்னஞ்சலில் அழித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஜுஸாராவுக்கு எரிந்தது. பிரேசிலில், ஃப்ளோரியானோபோலிஸ் நகரத்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு, கணவன் எட்மில்சனைப் போலவே இணையத்தில் போக்கர் சீட்டு ஆடிப் பிழைப்பவள் அவள். ஒரே திரையில் பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவன் அள்ளும் முன்பே தளம் தன் கமிஷனைக் கிள்ளிக்கொள்ளும். கிள்ளியதற்கு ஈடாக, காசாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாயிண்ட் தரும். இந்த வருஷம் பத்து லட்சம் பாயிண்ட் சேர்த்தால் அடுத்த வருஷம் முழுக்கக் கமிஷனில் முக்கால் பங்கைத் திருப்பித் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, கார்னிவல் என்றும் பாராமல், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு ஆடினாள். மேசையில் அவளுக்கு நஷ்டம்தான். பாயிண்ட்தான் சோறு போட்டது.

நவம்பரில், அவள் பத்து லட்சத்தைத் தொட்ட மறுவாரம், அந்தச் சலுகை இனிக் கிடையாது என்று எழுதினார்கள். ஆட்டத்தின் நலன் கருதியாம். தலையில் மிளகாய் அரைத்துவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற கூட்டம்.

ஆட்டக்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் ஜுஸாராதான் முதலில் குரல் கொடுத்தாள். டிசம்பரில் மூன்று நாள் யாரும் ஆடக்கூடாது, நாம் ஆடாவிட்டால் இவர்களுக்குக் கமிஷன் ஏது என்று கேட்டாள். ஆயிரத்து எழுநூறு பேர் ஒப்புக்கொண்டு பெயர் போட்டார்கள். எட்மில்சன் மூன்றாவது ஆள். தளமும் சும்மா இருக்கவில்லை. அந்த மூன்று நாளும் பாயிண்ட் இரட்டிப்பு என்று அறிவித்தது. மனுஷனுக்குச் சூடு சொரணை இருக்காதா, யார் போவார்கள் என்று ஜுஸாரா சிரித்தாள்.

இரண்டாம் நாள் காலை, குக்கரில் கறுப்பு பீன்ஸை ஏற்றிவிட்டு நின்றவளுக்கு ரெசிஃபேயிலிருந்து தோழி நெய்டி செய்தி அனுப்பினாள். ஆடப் போன துரோகியை வெளியே தேடுவதற்கு முன் உன் வீட்டுக்குள் பார் என்று எழுதியிருந்தது.

தலைவலி என்று எட்மில்சன் சாத்திக்கொண்ட கதவை அவள் திறந்தாள். திரை நிறைய மேசைகள்.

"தலைவலி தேவலையா?"

அவன் திரும்பவில்லை. "கத்தாத. கெட்டிக்காரங்க எல்லாம் ஒதுங்கியிருக்காங்க, ஏமாளிங்கதான் உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சேன். பாயிண்டும் ரெட்டிப்பு. நமக்காகத்தான் செஞ்சேன்."

அவள் குனிந்து பார்த்தாள். முதல் மேசையில் ஆறு பேர். மற்ற ஐந்து பெயரும் அவளுக்குத் தெரியும். ஒருவன் வேலைநிறுத்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன். இன்னொருவன் துரோகிகளை விடக்கூடாது என்று மன்றத்தில் தொண்டை கிழியக் கத்தியவன். ஐந்து பேரும் எட்மில்சன் போட்ட கணக்கையே போட்டிருந்தார்கள். ஏமாளி என்று ஒருவன்கூட மேசையில் இல்லை. ஒருவன் பணத்தை இன்னொருவன் பிடுங்க, பிடுங்கும்போதெல்லாம் தளம் கிள்ள, பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பிரித்த கதைதான். அந்தப் பூனைகளாவது இரண்டே இரண்டு.

"நேத்துலேருந்து எவ்வளவு?"

"எண்ணூறு டாலர் போச்சு. ஆனா பாயிண்ட்ல ஐந்நூறு வந்துரும்."

"மிச்சம் முந்நூறு யாரு கையில இருக்கு? இந்த ஆறு பேருல யாராவது ஜெயிச்சிருக்கானா?"

அவனை அடித்துவிடுவோமோ என்றுகூட ஒரு கணம் பயந்தாள். ஒரு வருஷத்தைத் திருடியவன் முகம் தெரியாத கம்பெனிக்காரன். இவன் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அவனுக்குக் கூலிக்கு நின்றிருக்கிறான்.

அவள் கைப்பேசியை எடுத்து, மேசையில் இருந்த பெயர்களை மன்றத்தில் எழுதத் தொடங்கினாள். என்ன செய்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அவங்க பேரப் போடு, நியாயம். என் பேர விட்டுரு. இதுக்கப்புறம் ஒருத்தன் என்னை மதிக்கமாட்டான்."

"உன் பேருதான் முதல்ல."

அனுப்பிவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் கை மவுஸை விடவில்லை.

"இந்த ஒரு கை ஆட்டம் முடியட்டும். பேசுவோம்" என்றான்.