இன்னும் இரண்டு வணக்கம்

கணவர் சாங்சிக் முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்பது அவர் கனைத்த கனைப்பிலேயே ஓக்பூனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மீன் துண்டை முட்டையில் தோய்த்துச் சட்டியில் போட்டாள். இன்று மாமியாரின் திதி. அறுபத்துமூன்று வயதில் கொரியாவின் ஆன்டோங் நகர நூலகத்து எழுத்து வகுப்பில் சேர்ந்து ஓக்பூன் எழுதிய தன் வாழ்க்கைக் கதை நேற்றுதான் அச்சாகி வந்திருந்தது. அதைத்தான் அவர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டி முடித்ததும் தன் கறித்துண்டை என் கிண்ணத்தில் தள்ளிவிடுவார். என் மடியில்தான் அவர் உயிர் போனது. பத்தொன்பது வருடமாக அவர் திதிக்கு நான்தான் சமைக்கிறேன். ஒரு தடவைகூட அவரை விழுந்து கும்பிட்டதில்லை. கும்பிடும் மகன்களின் முதுகைத்தான் அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன்.'

"சாயங்காலம் தம்பி வர்றான். இதப் படிச்சா குடும்ப மானம் என்னாகும்? அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டுக் குடு."

"நீங்களே கிழிங்க. நூத்தியிருபது புத்தகம் இருக்கு. அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க."

"உன்ன வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"வான்னு யாரு சொன்னீங்க?"

சாங்சிக் புத்தகத்தை மூடி வைத்தார். முரட்டு மனிதர் இல்லை. அப்பா செய்ததை அப்படியே செய்தவர். அதனாலேயே அவர்மேல் அவளுக்கு முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

மாலையில் படையல் வைத்து ஊதுவத்தி ஏற்றியதும், ஓக்பூன் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து கணவர் பக்கத்தில் நின்றாள். உள்ளே போ என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் இந்தத் திதிக்கு அடுப்பு பற்றவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கொழுந்தன் ஜுங்சிக் அவளைப் பார்த்துச் செருமினான். "அண்ணி, சூப்பு அடுப்புல இருக்கு போல."

"இருக்கு," என்றாள். நகரவில்லை.

சாங்சிக் யாரையும் பார்க்கவில்லை. இடப்பக்கம் அரை அடி தள்ளி நின்று, அவளுக்குப் பாயில் இடம் விட்டார்.

அங்கே திதியில் விழுந்து கும்பிடும்போது ஆண்களுக்கு இரண்டு வணக்கம், பெண்களுக்கு நான்கு. மூவரும் குனிந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி குனிந்தார்கள். இரண்டு முடிந்ததும் ஜுங்சிக் வழக்கம்போலப் படையல் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினான்.

"பொறுடா," என்றார் சாங்சிக். "அண்ணிக்கு இன்னும் ரெண்டு இருக்கு."

அடுப்படியில் சூப் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. யார் போய் அணைப்பது என்று அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓக்பூன் அவசரப்படாமல், எண்ணெய் தெறித்த காலுறையோடு, மூன்றாவது முறையாக நெற்றியைப் பாயில் வைத்தாள்.