அச்சடித்த ஆறுதல்

ஜெபம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியத்தில் பத்தொன்பது வருடம் இருந்தார் நம்பர். எதை எழுதினாலும் ஒன்று, இரண்டு என்று எண் போடுவதால் ஒட்டிய பெயர் அது. எதிர் மேசையில் உறை ஒட்டியவர் கோந்து. இருவரும் நகமும் சதையும் போல.

புதிதாக வந்த மேலாளர், கடிதங்களைப் படிக்காமலே "உங்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தோம்" என்ற அச்சுத்தாளை அனுப்பச் சொன்னார். நம்பர் எழுதிக் கொடுத்தார்: "ஒன்று: படிக்கவில்லை. இரண்டு: ஜெபிக்கவில்லை. மூன்று: நாளை முதல் நான் வரவில்லை."

கோந்து உடன் வரவில்லை. "நீ போனா வேற ஆளு எழுதுவான். நான் போனா யாருடா ஒட்டுவா?"

"ஒட்டு, ஒட்டு! பொய்யை எச்சில் தொட்டு நல்லா ஒட்டு!"

அந்த ஒரு சொல்லில் ஏழு மாதம் பேச்சு நின்றது. கோந்துவின் அக்கா இறந்தபோதுகூட நம்பர் அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினார். ஆயிரம் துக்கத்துக்கு ஆறுதல் எழுதிய கை, நண்பனுக்கு "ஒன்று:" என்று போட்டதோடு நின்றது. அந்த அக்காவோடு கோந்துவையும் இழந்தாயிற்று என்று நினைத்தார்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் காலை கோந்து நம்பர் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஓர் உறை.

"அக்கா பேருக்கு நம்ம ஆபீஸ்லேருந்து வந்துதுடா. பெயர் சொல்லி ஜெபிச்சாங்களாம். ஒட்டினது நான்தான். மேல எழுதியிருந்த பேரைக்கூடப் பாக்கல."

"உட்காரு."

"படிக்காத கட்டுல தேடி அக்கா லெட்டரை எடுத்துட்டேன். நீயே படி."

அக்காவும் எண் போட்டிருந்தாள். "ஒன்று: மூச்சுவாங்கல் குறையணும். இரண்டு: என் தம்பிக்கும் அவன் சிநேகிதனுக்கும் புத்தி வரணும். இரண்டும் முடியாதுன்னா இரண்டாவதையாவது பாருங்க."

முதலில் சிரித்தது கோந்துதான். சிரிப்பு பாதியில் அழுகையானது. நம்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புடா."

"எண் போட்டுச் சொல்லு."

"ஒண்ணு: தப்பு. ரெண்டு: ரொம்பத் தப்பு."

"சரி, அக்காவுக்குப் பதில் எழுது."

நம்பர் தாளை எடுத்தார். "அன்புள்ள அக்கா, ஒன்று: எங்களால் முடியவில்லை, மன்னியுங்கள். இரண்டு: வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். காபி கேட்கிறான்."

"நான் எப்படா கேட்டேன்?"

"இனிமே கேப்பே."

கோந்து தாளை மடித்து உறையில் போட்டு, பழக்கதோஷத்தில் நாக்கை நீட்டினார்.

நம்பர் அவர் கையைப் பிடித்தார். "படிச்சுட்டு ஒட்டு."