ஒரு மூடி பினாயில்

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி பினாயில் என்பது முதலாளியின் உத்தரவு. கம்பவுண்டர் அரை மூடிதான் ஊற்றுவான். மீதியைப் பாட்டிலுக்கே திருப்பிவிடுவான். மருந்துக்கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் செய்த ஒரே புரட்சி அதுதான்.

கடை சாத்துகிற நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் படியின் ஓரத்தில் மேனேஜர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒரு துணிமூட்டை. தண்ணீரைக் கண்டதும் இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்வார். வீட்டில் மருமகள் பெருக்கிக்கொண்டே வரும்போது நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாமனார் தூக்கிக்கொள்வாரே, அந்த மாதிரி. "ஊத்துங்க தம்பி" என்பார். கம்பவுண்டர் ஊற்றுவான். பழைய படி, நடுவில் தேய்ந்து குழிவிழுந்தது. வழிந்ததுபோக மிச்சத் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி நிற்கும். அவன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பான். பார்க்காவிட்டாலும், ஈரத்தில் அட்டை விரிகிற சத்தம் முதுகுக்குக் கேட்கும்.

கம்பவுண்டர் உண்மையில் கம்பவுண்டர் இல்லை. சரித்திரம் படித்தவன். பேரரசுகள் ஏன் விழுந்தன என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானவனுக்கு எந்தப் பேரரசும் வேலை கொடுக்க முன்வரவில்லை. இந்த மருந்துக்கடைதான் முன்வந்தது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிற மகனை அவன் அம்மா ஊரெல்லாம் கம்பவுண்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜருக்குப் பட்டம் கொடுத்தது எதிரே இருந்த பூட்டு ரிப்பேர்க்காரர். காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் இருக்கிறார், சாத்திய பிறகும் போவதில்லை, லீவு போடுவதே இல்லை. இப்படி வேலை பார்க்கிறவர் மேனேஜராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்று கேட்டார்.

மேனேஜர் அந்தப் படியை விடாததற்குக் காரணம் மேலே இருந்த தகரக் கூரை. அந்தத் தெருவிலேயே மழை விழாத படி அது ஒன்றுதான். அதனால் மழைக்குப் பதிலாக முதலாளி கம்பவுண்டரை வைத்திருந்தார். "வாசல்ல ஆளு படுத்தா உள்ள வியாபாரம் படுத்துரும்டா" என்பது முதலாளியின் பொருளாதாரம். அடித்து விரட்டுகிற ஆள் இல்லை அவர். சத்தம்கூடப் போட மாட்டார். சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுத்தத்தை யார் குறை சொல்ல முடியும்?

மேனேஜரின் வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் இருந்தது. ஏதோ ஆணி குத்தியதாம். எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை அந்த அளவுக்கு இருந்தது. வியாபாரம் மந்தமான மதிய வேளையில் கம்பவுண்டர் முதலாளிக்குத் தெரியாமல் பஞ்சும் கட்டுத்துணியும், பாதி தீர்ந்த களிம்பு டியூபும் கொடுப்பான். மேனேஜர் நிதானமாகக் கட்டுவார், கிழித்த நுனியை அழகாக முடிச்சுப் போடுவார். மதியம் கட்டுத்துணி கொடுத்த கைதான் பொழுது சாய்ந்தபின் அதை நனைத்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். ஊரில் பல பேர் அதைச் செய்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குச் செய்தவன் இவன். மனசு உறுத்தும்போதெல்லாம் பழியைத் தூக்கிச் சர்க்கரையின் தலையில் போட்டுவிடுவான். சர்க்கரை எதிர்த்துப் பேசாது.

ஒரு காலையில் ஷட்டரைத் தூக்க வந்தபோது மேனேஜர் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, உடம்பு கொதித்தது. காலிலிருந்த கட்டைச் சுற்றி ஈ. கால்விரல் இரண்டு கறுத்திருந்தன. கூழாகிப்போன அட்டை அவருடைய முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னண்ணே, சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல தம்பி. நீங்க பிஸியா இருந்தீங்க."

முதலாளி வந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "மருந்துக்கடை வாசல்ல மருந்து இல்லாம செத்தான்னு பேரு வரும்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இன்னைக்கு உனக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றார். அவருடைய வாழ்நாளில் அது பெரிய வார்த்தை.

முதல் ஆட்டோக்காரர் நின்றார், மோப்பம் பிடித்தார், போய்விட்டார். இரண்டாமவர் சீட்டில் பேப்பர் விரித்து ஏற்றிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மேனேஜரைப் பார்த்ததும் தடியால் கேட்டைத் தட்டினார். "மறுபடியுமா? போ, போ" என்றவர், பின்னாலேயே இறங்கிய கம்பவுண்டரின் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்ததும் தடியைக் கீழே இறக்கி, "கூட ஆள் இருக்கா? சரி, அந்தப் பக்கம் வீல்சேர் இருக்கு" என்றார்.

"முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று வீல்சேரைத் தள்ளிக்கொண்டே கேட்டான்.

"வந்தேன். ஒரு தடவை கட்டுப் போட்டு விட்டாங்க. அப்புறம் சேர்த்துக்கலை. உள்ள போறதுக்கு நோயாளியா இருந்தா பத்தாது தம்பி, யாருக்காவது சொந்தக்காரனா இருக்கணும்."

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பது வார்டு வாசலில் தெரிந்தது. கூட யார் இருப்பார்கள், யார் கையெழுத்துப் போடுவார்கள், வீடு எங்கே என்று மூன்றையும் நர்ஸ் ஒரே மூச்சில் கேட்டாள். நடுத்தர வயது. நாள் முழுக்க நின்ற கால்களின் எரிச்சலெல்லாம் குரலுக்கு ஏறியிருந்தது. கம்பவுண்டர் வாயைத் திறந்தான். "அக்கா மகன்" என்று வந்துவிட்டது. வீட்டுக்குக் கடை விலாசத்தைக் கொடுத்தான். அது ஒன்றும் பொய்யில்லை.

கட்டைப் பிரித்த நர்ஸ் காலைப் பார்த்தாள், பிறகு கம்பவுண்டரைப் பார்த்தாள்.

"படிச்சவர் மாதிரிதானே இருக்கீங்க? தாய்மாமன இப்படியா வச்சிருப்பீங்க? போன தடவையே இவர்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஈரம் படவே கூடாதுன்னு. இது தண்ணியிலயே ஊறின கால். தினமும் ஊறியிருக்கு. வீட்டுல ஒரு காஞ்ச இடம்கூடவா இல்ல? நாயக்கூட இப்படிப் போட மாட்டாங்க."

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், அது நன்றாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. எத்தனையோ நாளாக அவனுக்கு வர வேண்டியிருந்த திட்டு, விலாசம் கொஞ்சம் மாறி வந்தாலும் சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு வார்த்தை திட்ட மாட்டாளா என்று நின்றான்.

கெடுத்தது மேனேஜர்தான். "சிஸ்டர், அந்தத் தம்பிய ஏசாதீங்க" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு அக்காவே கெடையாது. அவரு கடையில வேலை பாக்குறவரு. நான் அவங்க வாசல்ல படுக்கிற ஆளு. தினமும் நான் படுக்கிறதுக்கு முன்னாடி என் இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவிவிடுவாரு. பெத்த பிள்ளைகூடச் செய்யாது."

நர்ஸின் முகம் மாறியது.

"இல்ல சிஸ்டர், அது... நான்தான் தண்ணிய ஊத்தி..."

"தெரியாம செஞ்சது தம்பி, விடுங்க. சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சிருக்கீங்க. உங்கள மாதிரி ரெண்டு பேர் இருக்கப் போய்த்தான் மழை பெய்யுது" என்றாள் நர்ஸ். அந்த வாக்கியத்தில் மழை எதற்கு வந்தது என்று அவன் நொந்துகொண்டான். போகிற போக்கில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மாள் கம்பவுண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். திருப்பிக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தான்.

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். "பாதம் தப்பிச்சிருச்சு" என்றார் டாக்டர். "ஆனா இன்னொரு தடவை ஈரத்துல ஊறுச்சுன்னா பாதத்தோட நிக்காது, முட்டி வரைக்கும் எடுக்க வேண்டி வரும். புண்ணு ஆறுற வரைக்கும் காஞ்ச இடத்துல இருக்கணும். புரியுதா?" அவர் சொன்னதென்னவோ நோயாளியிடம்தான். தலையாட்டியது கம்பவுண்டர்.

வீட்டில் கதை அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் வயித்துல பொறந்தவன், வேற எப்படி இருப்பான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா அவன் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள். "என்னடா பின்னால பளபளன்னு? ஒளிவட்டமா, இல்ல நம்ம வீட்டு டியூப் லைட்டா?" வழக்கமாக அவன் பதிலுக்கு ஏதாவது சொல்வான். அன்று நேராகக் குழாயடிக்குப் போனான். கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். "போதும்டா, தண்ணி தீந்துடும்" என்று அக்கா கத்தியபோதுதான் நிறுத்தினான்.

கடையில் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம கடைதான் சேர்த்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள் கூடவே ஒரு டானிக்கும் வாங்கிப் போனார்கள். கடை சாத்தும் நேரத்தில் கம்பவுண்டர் வாளியை எடுக்கப் போனபோது, "இப்ப எதுக்குத் தண்ணிய வீணாக்குற? அதான் ஆளு இல்லையே" என்றார். மேனேஜர் ஆஸ்பத்திரியில் இருந்தவரை படி காய்ந்தே கிடந்தது. குழியில் தூசி சேர்ந்தது. பகலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். படுக்க ஆள் இல்லாதபோது அதைவிடக் காய்ந்த இடம் அந்தத் தெருவிலேயே இல்லை.

அவன் வேலைக்கு வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போவான். பிஸ்கட் பாக்கெட், தைலம், ஒருநாள் ஒரு பழைய போர்வை. குற்றவாளி சம்பவ இடத்துக்குத் திரும்பி வருவான் என்பார்கள். இவன் பிஸ்கட்டோடு வந்தான். வார்டே எழுந்து நின்று வழி விட்டது. ஒரு காலையில், நர்ஸ் தூரத்தில் இருந்த நேரம் பார்த்து, போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணே. கழுவுறதுக்கு ஒண்ணும் ஊத்தலைண்ணே. நீங்க படுக்கக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்."

மேனேஜர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். சரியாக அது உடைந்து விழுவதற்கு முந்தைய நொடியில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியாம என்ன தம்பி. அதுகூடத் தெரியாதவனையா மேனேஜரா வச்சிருப்பீங்க?"

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்றீங்க?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "விரட்டுறாங்கன்னு நெனச்சுப் படுத்தா ராத்திரி பூரா முழிச்சுட்டே கெடக்கணும். நமக்காகத்தான் கழுவி விட்டிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டா தூக்கம் வருது." பிறகு டீ டம்ளரை நீட்டினார். "உங்களுக்கும் வேணும்னா அப்படியே நெனச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கம்பவுண்டர் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் படுக்கை வேறு யாருக்கோ தேவைப்பட்டது. வீடில்லாதவர்கள் தங்கும் விடுதி ஒன்றின் பெயரைச் சொல்லி அனுப்பினாள் நர்ஸ். அங்கே புண்ணோடு வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை. ஆறியதும் வரச் சொன்னார்கள். ஆறுவதற்கு எங்கே போவது என்பது அவர்களுடைய இலாகா இல்லை. கம்பவுண்டர் வீட்டில் கேட்டுப் பார்த்தான். நேராகக் கேட்கவில்லை, "யாராவது நாலு நாள் நம்ம வீட்டுல தங்குனா..." என்று இழுத்தான். "எங்கடா, உன் தலையிலயா?" என்றாள் அம்மா. ஒரே அறை. மூன்று பேர். அவள் சொன்னது நியாயம்தான். அவள் நியாயமாகப் பேசியதில் தனக்கு உண்டான நிம்மதியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று கடை சாத்தும் நேரத்தில் மேனேஜர் டியூட்டிக்குத் திரும்பியிருந்தார். புது அட்டை, பழைய போர்வை. வலது காலில் வெள்ளை வெளேரென்ற கட்டு. தெருவில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூட்டு ரிப்பேர்க்காரர் எதிரே இருந்து சலாம் வைத்தார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "வந்தாச்சா? சரி, வாளிய எடு."

"சார், டாக்டர் ஈரம் ஆகவே ஆகாதுன்னு சொல்லியிருக்காரு. காலையே எடுக்க வேண்டி வருமாம்."

"அதான் இரக்கப்பட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சேடா. இன்னும் என்ன, தத்தெடுக்கச் சொல்றியா? ஈரமா இருந்தா வேற எடம் பார்த்துப் போவான். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஷட்டர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அன்று பார்த்து அவருக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். வாளி நிறைய எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் கம்பவுண்டர் உள்ளே நின்றான். பினாயில் மூடியைத் திறந்தான். திறந்ததை மூடினான். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

மேனேஜர் அவனைப் பார்த்தார், பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். கடைப் பைதான், பச்சையில் கடையின் பெயர் போட்டது. அதைக் கட்டின்மேல் மாட்டி, வாயைச் சுருட்டிக் கணுக்காலில் முடிச்சுப் போட்டார். அதே அழகான முடிச்சு. போர்வையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, இரண்டு கால்களையும் தூக்கினார்.

"ஊத்துங்க தம்பி" என்றார்.

இடது கால் சுலபமாக மேலே நின்றது. வலது கால் நடுங்கியது. பையின் பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. வாளியின் கம்பி கம்பவுண்டரின் விரல்களை அறுத்தது. அவன் ஊற்றவில்லை, கீழே வைக்கவும் இல்லை. விளிம்பு வரைக்கும் வந்த தண்ணீர் அவன் செருப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டிருந்தது.