பைரவி ஏன் வந்தாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் இருக்கும் கழக்கூட்டத்திலிருந்து வீடு இருக்கும் கரமனை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், கால்கூடக் கழுவாமல் பையிலிருந்த தாள்களை அம்மாவிடம் நீட்டினாள். ஆபீஸ் பிரிண்டரில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்தவை. சிவகாமியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அஞ்சு அடுக்களைக்குப் போனாள், வந்தாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள்.

தாள்களில் இருந்தது இணையக் குழுமம் ஒன்றில் வாராவாரம் வரும் ஒரு தொடர்கதை. பத்திரிகைத் தொடர் ஒன்றையும் விட்டுவைக்காத சிவகாமியம்மாளுக்கு இந்தக் குழுமத்தைக் காட்டிக்கொடுத்ததே அஞ்சுதான். அம்மா கம்ப்யூட்டர் பக்கம் போகமாட்டாள். ஆனால் கருத்துச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. அவள் சொல்வதைக் குறித்துக்கொண்டு போய், திங்கட்கிழமை ஆபீஸில் அஞ்சு தட்டிப் போடுவாள். 'கரமனை வாசகி' என்றால் குழுமத்தில் எழுதுகிற பெண்களுக்குக் கொஞ்சம் கிலிதான்.

மைவிழி என்ற பெயரில் இந்தக் கதையை எழுதுவது தன் மகள்தான் என்பதை மட்டும் கரமனை வாசகிக்கு யாரும் சொல்லவில்லை. கதையில் பைரவி கணவனை விட்டுவிட்டு ரயிலேறி, ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லி, அம்மா வீட்டில் வந்து இருக்கிறாள். அஞ்சுவும் ஓணத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து அப்படித்தான் வந்தாள், ப்ராஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு. இங்கேயே இருந்துவிடட்டுமா என்று நேரே கேட்கத் தைரியமில்லாத மகராசி, கதையை வைத்து அம்மாவின் மனத்தை ஆழம் பார்த்தாள். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி ஆழம் பார்க்க நேரமில்லை. நேற்று அவள் கணவன் ஹரிகுமார் அம்மா வீட்டு போனில் கூப்பிட்டான். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதாமே, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று மாமியாரிடம் அவ்வளவு பணிவாகச் சொன்னான். "மருமகன் வாறாங்க" என்று அம்மா காய்கறிக்குச் சொல்லிவிட்டாள். அவள் போ என்றால் போகத்தான் வேண்டும். அந்தச் சென்னை வீட்டுக் கதவை அஞ்சு நினைத்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை.

"மத்தவளுவ என்ன சொல்லுகாளுவ?" தாளிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள் சிவகாமியம்மாள்.

மற்ற வாசகிகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறவர்கள். அதைப் படித்துச் சொல்வது அஞ்சுவின் வேலை. "சேத்து வைக்கச் சொல்லுகாளுவ. அவன் குடிக்கல்ல, அடிக்கல்ல, நல்ல சம்பளம், பைரவிக்குத்தான் திமிருன்னு ஒருத்தி. ஒரு கொழந்தையக் குடுத்துட்டா எல்லாம் செரியாயிரும்னு இன்னொருத்தி."

"அவளுவ சொல்லதுலயும் ஞாயம் இருக்கு."

அஞ்சு நாற்காலிக்கு அருகில் வந்தாள். "அப்போ பைரவி திரும்பிப் போணுமா?"

"நான் அப்படியா சொன்னேன்? எழுதிக்கோ." சிவகாமியம்மாள் தொண்டையைச் செருமினாள். "அன்புள்ள மைவிழிக்கு. அவன் பேசமாட்டான், சிரிக்கமாட்டான், கொழம்புல உப்பில்லன்னா மூஞ்சியத் தூக்குவான்னு வாராவாரம் எழுதுகே. எங்க வீட்டுக்காரரு முப்பது வருசம் எங்கிட்ட சிரிச்சதில்ல. நான் ரயில் ஏறினேனா? படிக்கவளுக்கு பைரவி மேல கோவம் வருகுன்னா, தப்பு படிக்கவ மேல இல்ல. நீ காரணத்த முழுங்கிட்டே. மாத்துத் துணிகூட இல்லாம ஒருத்தி ரயில் ஏறுகான்னா, அதுக்கு மின்ன அந்த வீட்டுல என்னமோ நடந்திருக்கு. அதப்பத்தி ஒரு வரி உண்டுமா?"

அஞ்சுவின் பேனா பாதியிலேயே நின்றுவிட்டது.

"எழுதல்லியா?"

"எழுதுகேன்."

"இனிச் சொல்லத எழுதாண்டாம்." சிவகாமியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "கதையில அவன் அடிக்கல்ல. மருமகன் ஒன்ன அடிப்பாங்களா, மக்களே?"

இல்லை என்று சொல்லத்தான் அஞ்சு வாயைத் திறந்தாள். "ஆமாம்மா" என்று வந்துவிட்டது.

அதையும் கதையில் எழுதிவிடலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். பொய்ப் பெயருக்குப் பின்னால் பதுங்கியிருந்தும் வெட்கம் விடவில்லை. அடிவாங்கினவள் என்று பைரவியைக்கூட யாரும் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது. அதைவிடத் திமிர்பிடித்தவள் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேலாகப் பட்டது.

"நான்தான் எழுதுகேன்னு அம்மைக்கு எப்பத் தெரியும்?"

"அந்தப் பைரவிக்க அம்மை பேசுகது பூரா எம் பேச்சு. எனக்கு எம் வாய் தெரியாதா?"

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." சிவகாமியம்மாளுக்குக் குரல் உடைந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பேரு ஊரு தெரியாதவளுவளுக்கெல்லாம் வாராவாரம் எழுதுகே. பெத்தவகிட்ட சொல்ல ஒனக்கு நாக்கு எழும்பல்ல, என்னா?"

அஞ்சு அழுதாள். சிவகாமியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் போனை எடுத்தாள். மகளிடம் நம்பரைக் கேட்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"ஹரிகுமாரா? ஞாயித்துக்கிழமை வரண்டாம். அவ இங்கதான் இருப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ மிகப் பணிவாகக் கேட்டது.

"காரணமா?" என்றாள் சிவகாமியம்மாள். "அத நீ சொல்லு. நான் கேக்கேன்."

அவள் ரிசீவரைக் கீழே வைக்காமல், காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.